நள்ளிரவுக் காட்சிக்கு நாலு டிக்கெட்

டிக்கெட் எடுத்தாகிவிட்டது. நாலு பேர், இரவு பன்னிரண்டு மணிக் காட்சி, நடுவிலிருந்து கொஞ்சம் பின்தள்ளிய வரிசை. படத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் பேச்சு உடனே டிரெய்லரில் ஒரு நொடி வந்துபோகும் அந்த நிழல் யாருடையது என்பதற்குத் தாவிவிடும். அந்தச் சண்டையை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வேண்டிய மட்டும் போட்டாகிவிட்டது. ரொம்ப காலம் காத்திருந்த ஓர் இரண்டாம் பாகம் என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

முதல் பாகம் வந்தபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். இப்போது என்னோடு வரப்போகும் அக்கா மகன் அப்போது பிறக்கவே இல்லை. அவன் அந்தப் படத்தை முதன்முதலில் பார்த்தது போனில், அதுவும் துண்டு துண்டாக. "சித்தி, நீங்க நிஜமாவே தியேட்டர்லயா பார்த்தீங்க?" என்று இன்னும் அவ்வப்போது கேட்பான். நான் ஏதோ பெரிய சொத்தை எழுதி வாங்கிக்கொண்டதைப் போல இருக்கும் அந்தக் கேள்வி. மூன்றாவது ஆள் என் கல்லூரித் தோழி. முதல் பாகத்தை என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்தவள். நாலாவது ஆள் அவள் கணவர். அவருக்கு இந்தப் படத்தில் துளி ஆர்வம் கிடையாது. ஆனாலும் எங்கள் திட்டத்தில் முக்கியமான ஆள் அவர்தான். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

"அதே படம் மறுநாள் காலையிலும் ஓடும், அங்கேயும் அதே கதைதான்" என்று அக்கா சொன்னாள். சரிதான். அவளுக்கு நான் கொடுத்த பதில் எனக்கே திருப்தியாக இல்லை. அதனால்தான் இங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதலில், ஏன் பன்னிரண்டு மணி? இது வெறும் விளம்பர உத்தி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உள்ளே ஒரு சுவாரஸ்யமான ஏற்பாடு இருக்கிறது. இப்போதெல்லாம் படம் ஹார்ட் டிஸ்கிலோ செயற்கைக்கோள் வழியாகவோ இணையத்திலோ வெளியீட்டுக்கு முன்பே தியேட்டருக்கு வந்து சேர்ந்துவிடும். நூறு, இருநூறு ஜிபி அளவுள்ள கோப்பு. ஆனால் பூட்டப்பட்டிருக்கும். அதைத் திறக்க ஒரு டிஜிட்டல் சாவி தனியாக வரும். அந்தச் சாவி அந்தத் தியேட்டரின் அந்த ஒரு ஸ்கிரீனில் இருக்கும் சர்வருக்கென்றே செய்யப்பட்டது. பக்கத்து ஸ்கிரீனுக்குக்கூட உதவாது. எந்தத் தேதி, எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை செல்லும் என்பதும் அதற்குள்ளேயே இருக்கும். அந்த நேரம் வரும்வரை ஆபரேட்டர் எதை அழுத்தினாலும் திரையில் ஒன்றும் வராது. நாங்கள் வாசலில் நிற்கும்போது, படம் உள்ளே எங்களைப் போலவே மணியைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

பிலிம் காலத்தில் இந்தப் பூட்டு கிடையாது. ஒரு ரீல் இருபது நிமிடம் சொச்சம்தான் ஓடும் என்பதால் இரண்டரை மணி நேரப் படம் ஏழெட்டு ரீல்களாகப் பெட்டியில் வரும். அவற்றை வரிசையாக ஒட்டி, வரிசை மாறவில்லையே, எங்கும் அறுபடவில்லையே என்று முந்தைய இரவே ஓட்டிப் பார்க்கும் வழக்கம் பல தியேட்டர்களில் இருந்தது. அதாவது ஊரே காத்திருந்த படத்தைக் காலி அரங்கில் உட்கார்ந்து முதலில் பார்த்தவர்கள் ஆபரேட்டரும் டிக்கெட் கிழிப்பவரும். எனக்கு எந்த நடிகர் மீதும் பொறாமை வந்ததில்லை. இவர்கள் மீது வந்திருக்கிறது.

நள்ளிரவுக் காட்சியின் பொற்காலம் என்று ஒன்று இருந்தது என்றால் அது 1999-க்கும் 2012-க்கும் இடைப்பட்டது என்பேன். 1999 மே 19 அன்று, அமெரிக்காவில் நள்ளிரவு தாண்டி ஒரு நிமிடத்தில், பதினாறு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு ஸ்டார் வார்ஸ் தொடரின் புதிய படம் திரையிடப்பட்டது. அதற்காக வாரக்கணக்கில் தியேட்டர் வாசலில் கூடாரம் போட்டுக் கிடந்தவர்கள் உண்டு. அதைவிட எனக்குப் பிடித்த கதை அதற்கு முந்தைய நவம்பரில் நடந்தது. அந்தப் படத்தின் டிரெய்லர் வேறொரு படத்துக்கு முன்னால் போடப்படுகிறது என்று தெரிந்து, முழுக் காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, டிரெய்லர் முடிந்ததும் எழுந்து போய்விட்டார்கள் ரசிகர்கள். அவர்கள் பார்க்காமல் விட்டுப்போன படம் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். பாவம் அந்த இயக்குநர்!

2011 ஜூலையில் ஹாரி பாட்டர் வரிசையின் கடைசிப் படம் அமெரிக்காவிலும் கனடாவிலும் நள்ளிரவுக் காட்சிகளில் மட்டும் 4.35 கோடி டாலர் வசூலித்தது. அதற்கு மறு ஆண்டு, 2012 ஜூலை 20 அன்று, கொலராடோ மாநிலத்தின் அரோரா நகரில் பேட்மேன் படத்தின் நள்ளிரவுக் காட்சியில் ஒருவன் புகுந்து சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். கொண்டாடப் போனவர்கள். ஏஎம்சி போன்ற பெரிய தியேட்டர் நிறுவனம் உடனே முகமூடிக்கும் பொம்மைத் துப்பாக்கிக்கும் தடை போட்டது. அதன் பிறகு வந்த ஆண்டுகளில் அங்கே முதல் காட்சி மெல்ல மெல்லப் பத்து மணிக்கும், பிறகு ஏழு மணிக்கும் முன்னால் நகர்ந்தது. அச்சம் ஒரு பக்கம், வியாபாரக் கணக்கு இன்னொரு பக்கம். பன்னிரண்டுக்குத் தொடங்கினால் ஒரு ஸ்கிரீனுக்கு ஒரு காட்சிதான். ஏழுக்குத் தொடங்கினால் இரண்டு. மறுநாள் பள்ளியும் வேலையும் உள்ளவர்களும் வருவார்கள்.

அதனால் இப்போது நிஜமான நள்ளிரவுக் காட்சி கிடைப்பதே அபூர்வம். கிடைத்ததும் தோழிக்கு போன் போட்டேன். அவள் "ஹலோ" சொல்லும் முன்பே "எடு" என்றாள்.

எடுப்பதில்தான் முதல் தகராறு. அக்கா மகனுக்கு முன்வரிசை வேண்டும். படம் தன்னை விழுங்க வேண்டும் என்கிறான். அவன் கழுத்துக்கு வயது குறைவு. நான் பின்பக்கம் கேட்டதற்குக் காரணம் கழுத்து மட்டுமில்லை. தியேட்டரில் ஒலியை அளந்து சரிசெய்யும்போது, திரைக்கும் பின்சுவருக்கும் இடையிலான தூரத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, நடுவாக இருக்கும் இடத்தைத்தான் அடிப்படையாக வைப்பார்கள். அங்கே உட்கார்ந்தால் ஒலிக்கலவை செய்தவர் கேட்டதற்கு நெருக்கமாக நாமும் கேட்கலாம். இதைச் சொன்னதும் பையன் அடங்கிவிட்டான். இந்தக் கால பிள்ளைகளிடம் "எனக்குக் கழுத்து வலிக்கும்" என்றால் எடுபடாது, தொழில்நுட்பக் காரணம் சொன்னால் உடனே மடங்கிவிடுகிறார்கள்.

அடுத்தது, முதல் பாகத்தை மறுபடி பார்ப்பது. அன்று மாலையே மூவரும் உட்கார்ந்து பார்த்துவிட்டு நேராகக் கிளம்பலாம் என்றான். முடியவே முடியாது என்று சொல்லிவிட்டேன். இரண்டு படத்தை ஒரே மூச்சில் பார்த்தால் இரண்டாவதன் கடைசி ஒரு மணி நேரம் கண்ணில் படும், மண்டையில் ஏறாது. ஒரு வாரம் முன்பே பார்த்துவிட வேண்டும். காட்சிகள் கொஞ்சம் மங்கி, ஆட்களும் அவர்கள் பட்ட பாடும் மட்டும் மனதில் நிற்க வேண்டும். இரண்டாம் பாகம் எடுப்பவர்களும் நம்மிடம் அந்த அளவு ஞாபகத்தைத்தான் எதிர்பார்ப்பார்கள் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் பழைய காட்சிகளை அங்கங்கே ஒட்டிக் காட்டமாட்டார்கள்.

இப்போது தூக்கம். நள்ளிரவுக் காட்சிக்குத் திட்டம் போடுகிறவர்கள் உடையில் காட்டும் அக்கறையில் கால் பங்கைக்கூட இதில் காட்டுவதில்லை. கணக்கு எளிது. பன்னிரண்டுக்குக் கதவு திறந்தாலும் விளம்பரம், டிரெய்லர் என்று இருபது நிமிடம் போகும். பெரிய படங்கள் இப்போது மூன்று மணி நேரத்தைச் சாதாரணமாகத் தொடுகின்றன. 2019-ல் வந்த கடைசி அவெஞ்சர்ஸ் படம் 181 நிமிடம், 2022-ல் பதின்மூன்று ஆண்டுக் காத்திருப்புக்குப் பிறகு வந்த அவதார் இரண்டாம் பாகம் 192 நிமிடம். பெயர்ப் பட்டியல் முடிந்து ஒரு துணுக்குக் காட்சி வரும் என்று அதையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் வெளியே வரும்போது மூன்றரை தாண்டிவிடும். மனித உடம்பு இருபத்துநாலு மணி நேரத்தில் மிகவும் மந்தமாக இருக்கும் வேளை அது. படத்தின் உச்சக்கட்டம் சரியாக அதில் போய் விழுகிறது.

பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும் ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரை ஒத்துவிடுகின்றன என்று 1990-களிலேயே ஆய்வு செய்து காட்டியிருக்கிறார்கள். காலை ஆறு மணிக்கு எழுந்தவருக்குப் படம் தொடங்கும் முன்பே பதினேழு தாண்டிவிடும். படம் முடிந்து வண்டிச் சாவியைக் கையில் எடுக்கும்போது இருபத்தொன்றரை. அத்தனை நேரம் கைதட்டிக் கத்தியதில் தூக்கம் போய்விட்டது என்று தோன்றும். அது வெறும் தோற்றம். வண்டி ஒரே சீராக ஓட ஆரம்பித்ததும் கண் தானாக மூடும்.

தோழியின் கணவர் ஏன் முக்கியம் என்று இப்போது புரிந்திருக்கும். அவருக்கு இரவு ஷிப்ட் வேலை. எங்களுடைய நள்ளிரவு அவருக்கு மத்தியானம். வழக்கம்போலப் பகலில் தூங்கி எழுந்து, தெளிவாக வந்து, கதை புரியாமல் படத்தைப் பார்த்து, எங்களைப் பத்திரமாக வீட்டில் இறக்கிவிட்டுப் போவார். இப்படி ஒரு ஆள் இல்லாதவர்கள் வாடகை வண்டியை முதலிலேயே சொல்லிவையுங்கள். நாங்கள் மூவரும் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் படுத்து எழுவதாக ஒப்பந்தம். காபி பத்து மணிக்கு மேல்தான். குடித்த காஃபினில் பாதி உடம்பைவிட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால் அது படம் முடியும்வரை தாங்கும். ஆனால் காபி குடித்தால் இன்னொரு பிரச்சினை வரும். படத்தின் நடுவே எப்போது எழுந்து போனால் முக்கியமான காட்சி தப்பாது என்று சொல்வதற்கு ரன்பீ என்று ஒரு செயலியே இருக்கிறது. யாராவது முதலில் பார்த்துச் சொன்னால்தானே அது வேலை செய்யும்? நள்ளிரவுக் காட்சிக்காரர்களுக்கு அந்த உதவியும் இல்லை.

ஸ்பாய்லர் விஷயத்துக்கு வருகிறேன். அக்காவுக்கு நான் சொல்லத் தடுமாறிய பதில் இங்கேதான் இருக்கிறது. 2011-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தைச் சேர்ந்த இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். சிறுகதைகளின் முடிவைச் சிலருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுப் படிக்கக் கொடுத்தார்கள். முடிவு தெரிந்து படித்தவர்களுக்குத்தான் கதை அதிகம் பிடித்திருந்தது. அன்றிலிருந்து ஸ்பாய்லருக்குப் பயப்படுகிறவர்களைக் கிண்டல் செய்ய இது ஒரு கருவி ஆகிவிட்டது. எனக்கு அந்த ஆய்வில் குறை ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அதில் கதையைத் தனியாகப் படிப்பவர்கள்தான் இருக்கிறார்கள். முந்நூறு பேர் ஒரே இருட்டில், ஒரே நொடியில், யாருக்குமே தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்வது அதில் வராது. அந்த நொடியில் அரங்கம் மூச்சை இழுத்துப் பிடிக்கும் சத்தம் காதில் விழும். மறுநாள் காலைக் காட்சியில் பத்துப் பேருக்காவது விஷயம் தெரிந்திருக்கும். அந்தப் பத்துப் பேர் திரையைப் பார்க்காமல் பக்கத்து சீட்காரரின் முகத்தைப் பார்ப்பார்கள்.

படம் எடுப்பவர்களுக்கும் இது தெரியும். 1980-ல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தின் மிகப் பெரிய ரகசியத்தைக் காப்பாற்ற, படப்பிடிப்புத் தளத்தில் வேறொரு வசனத்தைப் பேசவைத்து எடுத்து, டப்பிங்கில் நிஜ வசனத்தைச் சேர்த்தார்கள். எதிரே நின்று நடித்தவருக்குச் சற்று முன்புதான் விஷயத்தைச் சொன்னார்களாம். அந்த வசனம் என்ன என்று இங்கே எழுதமாட்டேன். உலகத்துக்கே தெரியும், அக்கா மகன் இன்னும் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை.

எங்கள் குழுவில் விதி கடுமையானது. வெளியீட்டுக்கு மூன்று நாள் முன்பிருந்து டிரெய்லர் விளக்கம், கசிந்த படம், "நம்பத்தகுந்த தகவல்" எதுவும் கூடாது. படம் முடிந்து வந்தவர்கள் மற்றவர்களிடம் "நல்லா இருக்கு", "பரவாயில்லை", "போகாதே" ஆகிய மூன்றில் ஒன்றைச் சொல்லலாம். "கடைசியில ஒரு விஷயம் இருக்கு பாரு" என்பது அனுமதியில்லை. ஸ்பாய்லர்களிலேயே கேவலமானது அதுதான். ஒன்றும் சொல்லாமல் எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

கூட்டத்தோடு பார்ப்பதில் நஷ்டமும் உண்டு. பழைய பாத்திரம் ஒன்று திரையில் தலைகாட்டியதும் எழும் ஆரவாரத்தில் அடுத்த நாலு வசனம் காணாமல் போகும். அமெரிக்க நகைச்சுவை நடிகர்களான மார்க்ஸ் சகோதரர்கள் 1935-ல் ஒரு படம் எடுப்பதற்கு முன் அதன் நகைச்சுவைக் காட்சிகளை மேடையில் நடத்திப் பார்த்து, ஜனங்கள் எவ்வளவு நேரம் சிரிக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு, அதற்கேற்ப வசனத்துக்கு இடைவெளி விட்டார்கள். இன்றைக்கு இரண்டாம் பாகம் எடுப்பவர்களில் எத்தனை பேர் அப்படி இடம் விடுகிறார்கள்? சிலர் விடுகிறார்கள், கைதட்டலுக்கென்றே நடிகரைத் திரும்பி நிற்கவைத்துவிடுகிறார்கள். தனியாகப் பார்க்கும்போது அந்த இடம் அசட்டுத்தனமாக இருக்கும்.

அதனால்தான் நள்ளிரவில் எனக்கு ஏற்படும் அபிப்பிராயத்தை நான் நம்புவதில்லை. அன்று பார்க்கும் எல்லாமே பெரிதாகத் தெரியும். பக்கத்தில் தோழி அழுவாள், முன்வரிசையில் யாரோ விசிலடிப்பான், எனக்கும் தொண்டை அடைக்கும். அதில் படத்தின் பங்கு எவ்வளவு, இத்தனை வருடக் காத்திருப்பின் பங்கு எவ்வளவு என்று அந்த நேரத்தில் பிரிக்க முடியாது. பிரிக்கவும் நான் விரும்பவில்லை. முப்பது, முப்பத்தைந்து வருடம் கழித்து வந்த இரண்டாம் பாகங்கள் உண்டு. 1982-க்குப் பிறகு 2017-ல் பிளேடு ரன்னர், 1986-க்குப் பிறகு 2022-ல் டாப் கன். அவை நன்றாக அமைந்தன. அமையாதவற்றின் பட்டியல் நீளம். எது எந்தப் பட்டியலில் சேரும் என்பது அதிகாலை மூன்றரை மணிக்குத் தெரியாது. அந்த நேரத்தில் நட்சத்திரம் போட்டு விமர்சனம் எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வியப்பாக இருக்கிறது.

அக்கா மகன் நேற்றுக் கேட்டான், "சித்தி, படம் மொக்கையா இருந்தா என்ன பண்றது?"

"கைதட்டுடா. முந்நூறு பேர் வந்திருப்பாங்க, அவங்களுக்காகத் தட்டு" என்றேன்.

அவன் முகம் சுளித்தான். அவன் நேர்மை அவனுக்கு. பழைய ரசிகர்களுக்காகப் படம் எடுத்து அவனைப் போன்றவர்களைக் கைவிட்டுவிடுவார்களோ என்று அவனுக்குக் கவலை. புதியவர்களைப் பிடிக்கப்போய் எங்களைக் கைவிட்டுவிடுவார்களோ என்று தோழிக்குக் கவலை. இருவரும் ஒரே டிரெய்லரைக் காட்டித்தான் வாதாடுகிறார்கள். தோழியின் கணவர் மட்டும் படத்தின் நீளம் எவ்வளவு என்று கேட்டுவிட்டு வண்டிக்குப் பெட்ரோல் போடப் போய்விட்டார்.

நான் இன்னொரு டிக்கெட்டும் எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த வாரம், ஒரு சாதாரண நாளின் மதியக் காட்சி, ஒரே ஒரு சீட். பாதி அரங்கம் காலியாக இருக்கும், கைதட்ட ஆள் இருக்காது, காணாமல் போன வசனங்கள் எல்லாம் கேட்கும். பையனிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் தானும் வருகிறேன் என்பான். இரண்டாவது முறை போகும்போது பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது, அவன்கூட.